பத்தாவது கட்டு

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தம்பி ஏன் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான் என்பது வெள்ளிக்கிழமை விடிந்தும் யாருக்கும் தெரியவில்லை.

அமுக்கியதில் லாண்டரியின் பெரிய உருளை இஸ்திரி நாற்பது நிமிஷம் நின்றுபோனது. ஈரப் படுக்கைவிரிப்புகள் மலையாய்க் குவிந்தன. இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு ஹோட்டலுக்கும் போகவேண்டிய சரக்கு வாசலிலேயே தேங்கியது. ஏன் அமுக்கினாய் என்று மேனேஜர் கேட்டார். சூப்பர்வைசர் அம்மா கேட்டாள். வீட்டில் அப்பா கேட்டார். யார் கேட்டாலும் கல்லுளிமங்கன் போல நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை.

அதற்காகத்தான் இன்று ஒன்பது மணிக்கு வீட்டாரைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா, பல்செட் செய்யும் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். அரை நாளில் முடிகிற விஷயமா என்று காலையிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

காரணம், அவன் ஷூ.

அவனுக்கு முப்பத்துமூன்று வயது. பேச்சும் நடையும் தாமதமாய் வந்த பிள்ளை. எழுத்து வரவே இல்லை. எண் பத்து வரை வந்தது, அதோடு நின்றுகொண்டது. ஆனால் ஷூ நாடா கட்டுவதில் அவனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. இரண்டு காதும் ஒரே அளவில், முயல் மாதிரி நிற்கும். இன்று காலை ஆறரைக்குக் கட்ட ஆரம்பித்தவன், ஏழே கால் வரைக்கும் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அவன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தான். தட்டில் வைத்த முட்டை அப்படியே ஆறிக் கிடந்தது.

குனிந்து தானே கட்டிவிடலாம் என்று போனவள், அவன் பெல்ட்டைப் பார்த்தாள். கடையில் போட்ட துளைகளைத் தாண்டி, ஆணியால் குத்திய துளைகள் நான்கு இருந்தன. நான்காவது துளையில்தான் பெல்ட் நின்றுகொண்டிருந்தது.

இதை எப்போது குத்தினான்? ஒரே வீட்டில் இருக்கிறோம். தினம் துவைக்கிறோம், மடிக்கிறோம், சோறு போடுகிறோம். நான்கு துளை வரைக்கும் நம் கண் எங்கே போயிருந்தது?

அப்பாவிடம் காட்டினாள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு விசிலில் முடித்துவிடுவார்.

"முப்பத்துமூணு வருஷமா பாக்குறேன். அவன் அப்படித்தான். போய் நாலு வார்த்தை பணிவா பேசிட்டு வா, வேலையில விட்டுடுவாங்க."

இது வேறமாதிரி இருக்குப்பா என்று அவள் ஆரம்பித்ததும், பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டார். அவள் கையால் செய்து கொடுத்த பல்செட். அவருக்குப் பேச விருப்பமில்லை என்றால் அது டம்ளருக்குப் போய்விடும். சபை கலைந்தது என்று அர்த்தம். அம்மா இருந்தவரைக்கும் டம்ளரிலிருந்து எடுத்து மறுபடி வாயில் மாட்டிவிட்டுப் பேசவைப்பாள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

*

லாண்டரியில் தம்பிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வருவதால் யாரோ வைத்த பெயர். பன்னிரண்டு வருஷமாக அவன் தலையணை உறை மடிக்கிறான். பத்து உறை ஒரு கட்டு. பத்துக் கட்டு ஒரு வண்டி. பத்துக்கு மேல் எண் தெரியாதவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. அவன் மடித்த கட்டை எடுத்துப் பார்த்தால் ஓரங்கள் கத்தியால் சீவியது போல இருக்கும் என்று சூப்பர்வைசர் அம்மாவே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இன்று அவன் மேஜையில் வேறு ஆள் நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல்தான். உள்ளே நுழைந்ததும் நேராகப் போய் அதில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வேலையைப் பிடுங்கிக்கொண்டால் வருத்தப்படுவான் என்று நினைத்திருந்த அக்கா அவனையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். உருளையில் யார் கையாவது மாட்டினால் மட்டும் அமுக்கவேண்டிய பொத்தான் அது, திடீரென்று நிறுத்தினால் சூட்டில் துணி கருகித் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் சொன்னார். டாக்டர் கடிதம் வேண்டும். இவன் வேலைக்குத் தகுதி என்று கடிதம் வந்தால் மேஜை. வராவிட்டால் வீடு. இன்றைக்குள் தெரியவேண்டும்.

கடிதம் கொடுக்கவேண்டிய டாக்டருக்காக அவன் கோப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தாள், ஆகப் பன்னிரண்டு தாள். உயரம், எடை, ரத்த அழுத்தம், பார்வை. கடைசி வரியில் 'மனநிலை' என்று ஒரு கட்டம். முதல் தாளில் அந்தக் கட்டத்தில் 'வழக்கம்போல' என்று எழுதியிருந்தது. இரண்டாவது தாளிலும் அதுவே. புரட்டிக்கொண்டே போனாள். பன்னிரண்டும் வழக்கம்போல. கடைசித் தாள் இரண்டு மாதம் முன்பு எழுதியது. எடைக் கட்டத்தில் போன வருஷத்தைவிட ஏழு கிலோ குறைவாக இருந்தது. அதை எழுதிய அதே கைதான் கீழே வந்து வழக்கம்போல என்றும் எழுதியிருந்தது.

அவளுக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பி அவள்மேலேயே பாய்ந்தது. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் அம்மா போன் செய்தபோது இவள் என்ன சொன்னாள்? 'அவன் அப்படித்தாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க.' பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவனுக்குக் குடை பிடித்து வந்தாள். அவள் சொன்னால் அன்பு, டாக்டர் எழுதினால் அலட்சியமா?

கிளம்பும்போது கட்டுகளுக்கு நாடா வெட்டிக் கொடுக்கும் அம்மாள் அவளைத் துணி அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதமாகவே மாப்பிள்ளை சரியில்லை என்றாள். ஒரு உறையை ஏழெட்டுத் தடவை பிரித்துப் பிரித்து மடிக்கிறானாம். வேகம் பாதியாகிவிட்டதாம். சூப்பர்வைசர் கண்ணில் படக்கூடாது என்று இவளே அவன் பங்கில் இரண்டு கட்டு மடித்துப் போடுவாளாம்.

"யார்கிட்டயோ பேசுறான்மா. 'போதும், போதும்'னு கெஞ்சுறான். நான் பக்கத்துல போனா வாயை மூடிக்குவான்."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள்.

நாடா அம்மாள் தயங்கினாள். "இந்தப் பிள்ளைங்க அப்படித்தானேன்னு நினைச்சுட்டோம். அதோ, அங்க பாரு."

உறை உதறும் இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்துநான்கு வயது. எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். இவளும் தம்பியைப் போலப் புத்தி வளர்ச்சி குறைந்தவள். கையில் உறை, கண்ணில் தாரைதாரையாய்த் தண்ணீர். உதறினாள், அழுதாள், அடுத்த உறையை எடுத்தாள். சுற்றிலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் மழைக்காலம் வந்தால் இரண்டு மாதம் இப்படித்தானாம். துணி நனையாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்களாம்.

*

லாண்டரிக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் அறையில் பத்து மணிக்கு இருந்தார்கள். அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். கேள்விகளை எல்லாம் அக்காவிடம் கேட்டார். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, அடிக்கிறானா. தூங்குவதில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பேனா ஓடியது. ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை. பத்து நாள் ஓய்வு. இவங்களுக்கு அப்பப்போ இப்படி வரும்மா, பயப்படாதீங்க என்று சீட்டைக் கிழித்து நீட்டினார்.

இதுவரை வாழ்க்கையில் எந்த டாக்டர் சீட்டையும் அவள் வாங்காமல் இருந்ததில்லை. இன்று கை எழவில்லை.

"டாக்டர், ஒன்னு கேக்கட்டுமா? இதே நான் வந்து, மூணு மாசமா தூக்கமில்ல, ஏழு கிலோ இறங்கிட்டேன், யாரோ என்கிட்ட பேசுறாங்க, காதுல பஞ்சு வெச்சாலும் கேக்குதுன்னு சொன்னா எனக்கு என்ன எழுதுவீங்க?"

டாக்டரின் கை அப்படியே நின்றது. அவர் கோப்பைத் திறந்து தன் கையெழுத்தையே தாள் தாளாகப் புரட்டினார். முகம் மெல்ல மாறியது. பிறகு நீட்டிய சீட்டைத் தானே கசக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாளில் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எழுதினார். இன்று ஒரு மணி வரை பார்ப்பார்கள், சின்ன வயசு மருத்துவத் தாள்கள் இருந்தால் கொண்டுபோங்கள் என்றார். வாசல் வரை வந்து, முதல் தடவையாகத் தம்பியிடமே பேசினார்.

"நான் உங்களைக் கேட்டிருக்கணும்."

தம்பி அவரைப் பார்க்காமல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். அலமாரியின் மேல்தட்டில் நீலப் பையில் தாள்கள் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்றாள். மனநலப் பிரிவு என்றும் சொன்னாள். "வரேன்" என்றார். வழக்கமாக எதிர்த்து நான்கு கேள்வி கேட்கிறவர் ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டார்.

*

அந்த வரிசை நகர்வதற்குள் யுகம் போனது. டோக்கன் நாற்பத்தொன்று. சுவரில் கடிகாரம். பன்னிரண்டு அடித்தது, பன்னிரண்டே கால் ஆனது. கதவைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதும் தம்பியைப் பார்ப்பதுமாக அக்கா உட்கார்ந்திருந்தாள். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் அடுத்தது திங்கட்கிழமைதான். மேனேஜர் திங்கள் வரை பொறுப்பாரா? அதைவிட, இவன் பொறுப்பானா?

அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நீலப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கடும் ஜலதோஷம். மூக்குச் சிவந்து, மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் அக்காவும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவள் கையைக் காட்டி, அவரிடம் முதலில் பேசிவிடுகிறேன் என்றாள். நாற்காலியைத் தம்பிக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அவனுக்காகப் பதில் சொல்லியே பழகிய நாக்கு. டாக்டர் அவள் பக்கம் திரும்பாமலே விரலை மட்டும் உயர்த்தினாள். ஒரு நிமிஷம் போயிருக்கும்.

"உறை" என்றான் தம்பி.

"அங்க யாராவது உங்கள தொந்தரவு பண்றாங்களா?"

தலையை வேகமாக ஆட்டினான். ஆமாமா, இல்லையா என்று தெரியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

டாக்டருக்கு ஏதோ பிடிபட்டது. "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா? சரி. சொல்ல வேண்டாம். காட்டுங்க."

காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

மெல்லிய தாளைப் பார்த்ததும் அவன் கை தானாக நீண்டது. ஒன்றை எடுத்து மடித்தான். ஓரத்தோடு ஓரம், கத்தியால் சீவியது போல. மேஜையில் வைத்தான். இரண்டாவதை அதன் பக்கத்தில். வரிசையாக ஒன்பது வைத்தான். பத்தாவதை மடித்தவன் வைக்காமல், மேஜையின் அந்தக் கோடிக்கு, எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டான்.

"இதெல்லாம் உறையா?"

"கட்டு" என்றான். பிறகு இன்னும் மெதுவாக, "தப்பு."

அக்காவுக்கு மெல்லப் புரிந்தது. ஒரு ஓரம் கோணினால் ஒரு தப்பு. பத்துத் தப்பு ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் வண்டி நிறைந்துவிடும். ஒன்பது கட்டு நிறைந்துவிட்டது.

"எண்ணுறது நீங்களா?"

இல்லை என்று தலையாட்டினான். காதைத் தொட்டுக் காட்டினான். "அந்த ஆளு."

டாக்டர் மூலையில் கிடந்த பத்தாவது மடிப்பைப் பார்த்தாள். எடுக்கவில்லை. "அதுவும் இங்க வந்துட்டா என்ன ஆகும்?"

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் அவனிடம் கண்டதில்லை. அவளையே பார்த்தபடி, கன்னத்தை மேஜையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சைக் கூட விடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது அம்மாவின் முகம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"நானாடா?" என்றாள் அக்கா. "நான் செத்துடுவேனா?"

அவன் கண்ணைத் திறந்தான். "அதான் அமுக்கினேன்."

மூன்று நாளாக ஊரே கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஒன்பது கட்டும் நிறைந்து, பத்தாவது கட்டில் ஒன்பது தப்பு சேர்ந்து, இன்னும் ஒரே ஒரு தப்புதான் பாக்கி என்று அந்த ஆள் சொல்லிவிட்டான். உருளை ஓடினால் உறை வரும். உறை வந்தால் மடிக்கவேண்டும். மடித்தால் தப்பு வரும். அதனால் உருளையை நிறுத்தினான். ஸ்டூலில் உட்காரவைத்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதிக்கும் அதுதான் காரணம். மூன்று மாதமாக ஒவ்வொரு உறையாகப் பிரித்துப் பிரித்து மடித்து அவளை உயிரோடு வைத்திருந்தான்.

சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதும் ஒரு தப்புதானே. பாய்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் பதிந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, எந்த நொடியில் சாய்வாளோ என்று காத்திருந்தான்.

அவளும் அசையவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்த நொடியில் அவளுக்கே பயமாக இருந்தது.

"இருக்கேன்டா" என்றாள். "பாரு. இருக்கேன்."

"மூச்சு விடு" என்றான்.

அவள் மூச்சு விட்டுக் காட்டினாள். மறுபடி விட்டுக் காட்டினாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கதவைத் திறந்து மணியைக் காட்டிய நர்ஸையும் கண்ணாலேயே திருப்பி அனுப்பினாள். மெல்ல மெல்ல அவன் பிடி தளர்ந்தது. விடவில்லை, தளர்ந்தது.

பிறகு டாக்டர் விளக்கினாள். பிறந்ததிலிருந்து இருப்பது ஒன்று. இது வேறு. இது மூன்று, நான்கு மாதமாக வந்திருக்கும் நோய். யாருக்கும் வரும், இவருக்கும் வந்திருக்கிறது. முதலாவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டாவது யார் கண்ணிலும் படவில்லை. பேர் வைக்க இன்னும் சில தடவை பார்க்கவேண்டும், ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் மருந்து உண்டு. பெரும்பாலும் கேட்கும். அந்த ஆளின் சத்தம் குறையும்.

"வீட்ல, ரத்த சொந்தத்துல, இந்த மாதிரி யாருக்காவது இருந்திருக்கா? சத்தம் கேக்குறது, இல்லாத ஆள் தெரியுறது. இருந்து, அவங்களுக்கு ஏதாவது மருந்து கேட்டிருந்தா, நான் அதுலேர்ந்தே ஆரம்பிச்சுடலாம். இல்லைன்னா ஒவ்வொன்னா போட்டுத்தான் பாக்கணும்."

"யாரும் இல்ல" என்றார் அப்பா.

கேள்வி முடிவதற்கு முன்னமே வந்த பதில். அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. ஒன்பது மடிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலப் பை மடியில் கசங்கிக் கிடந்தது.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க ஐயா."

"எங்க வம்சத்துல அப்படி யாரும் இல்லம்மா."

டாக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு எழுதினாள். குறைந்த அளவில் ஒரு மாத்திரை, இன்று சாயங்காலத்திலிருந்து. வேலைக்கு இரண்டு வார மருத்துவ விடுப்புக் கடிதம். இவரைத் தனியாக விடவேண்டாம். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வாருங்கள்.

*

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தம்பி நடுவில். ஒரு கையில் பன், மறு கையில் அக்காவின் மணிக்கட்டு. பாதி பன்னைத் தின்றுவிட்டான். ஒரு வாரத்தில் அவள் கண்ணால் பார்த்து அவன் தின்றது அதுதான்.

சூப்பர்வைசர் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஏன் அமுக்கினான் என்பதையும் சொன்னாள். அவன் மேஜையைத் தான் பார்த்துக்கொள்வதாக, மேனேஜரிடம் தானே பேசுவதாக அந்த அம்மா சொன்னாள். வைக்கப் போனவள் வைக்காமல், திங்கட்கிழமை பாப்பாவையும் கூட்டிவரலாமா, அந்த டாக்டர் பார்ப்பாளா என்று கேட்டாள். கூட்டி வாருங்கள் என்றாள் அக்கா.

இரண்டு பஸ் வந்து போயின. இரண்டுமே அவர்கள் தெருவுக்குப் போகிற பஸ். அப்பா எழுந்திருக்கவில்லை.

"அம்மாடி" என்றார் கடைசியில். "உள்ள நான் சொன்னது பொய்."

அவளுக்கு ஒரே பெயர்தான் தோன்றியது. "அம்மாவாப்பா?"

"உங்கம்மாவுக்கு ஒன்னும் இல்ல. அவளுக்கு வாச்ச ஒரே வியாதி நான்தான்."

சாலையைப் பார்த்தபடியே சொன்னார். இவள் நடை பழகிய வருஷமாம். அவருக்கு இருபத்தெட்டு. பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு ஆள் வந்து உட்கார ஆரம்பித்தான். சாம்பல் நிறச் சட்டை. எந்த நிறுத்தத்தில் ஏறுகிறான் என்று தெரியாது. எங்கேயும் இறங்கமாட்டான். டிக்கெட் எடுக்கமாட்டான். இவர் போய் டிக்கெட் டிக்கெட் என்று கேட்பார், மற்றவர்கள் காலி சீட்டைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் நடுச்சாலையில் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டார். உள்ளே முப்பது பேர். அவன் இறங்கினால்தான் வண்டி நகரும் என்று படியில் குறுக்கே நின்றார்.

மஞ்சள் காமாலை என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். ஏழு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தாள். தெரிந்தவர் கண்ணில் படாதபடி தூரத்து ஊர் டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான்கு வருஷம் மாத்திரை. கேட்டது. வெளியே தெரிந்தால் யார் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? பிற்பாடு இவன் பிறந்து, பேச்சு வராமல் போனபோது, என்னால்தானோ என்று நினைத்தாராம். நினைத்து, அதையும் சேர்த்து உள்ளே போட்டுப் பூட்டிவிட்டாராம்.

"அந்த மாத்திரை பேரு ஞாபகம் இருக்காப்பா?"

"மறந்தாத்தானே."

அவள் திரும்பி ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். மணி ஒன்றே முக்கால். அந்தக் கதவு திங்கட்கிழமை வரை திறக்காது. கோபம் வரவேண்டும். வரவில்லை. அப்பாவின் கை முட்டிமேல் கிடந்தது. அதை எடுத்துப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். அவளுடைய ஒரு கைதான் ஏற்கெனவே தம்பியிடம் இருந்தது.

தம்பி பன்னைத் தின்பதை நிறுத்தியிருந்தான். இவ்வளவு நேரமும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. காதில் இருந்த பஞ்சில் ஒன்றை எடுத்திருந்தான்.

"அவரு எண்ணுவாராப்பா?"

அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்துமூன்று வருஷத்தில் மகன் அவரிடம் கேட்ட முதல் கேள்வி போல அதை வாங்கிக்கொண்டார்.

"எண்ண மாட்டான்டா. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பான்."

தம்பி யோசித்தான். "அப்ப நல்லவருதான்" என்றான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

அக்கா அவர் துண்டை இறக்கும்வரை காத்திருந்தாள். டாக்டரிடம் சொல்ல இது தேவைப்படும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க அவளுக்குத் தைரியம் கொடுத்தது அதுதான்.

"மாத்திரைய நிறுத்தி எவ்வளவோ வருஷம் ஆச்சே. கடைசியா அந்தச் சாம்பல் சட்டைக்காரன் எப்பப்பா வந்தான்?"

மூன்றாவது பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் இவர்களைப் பார்த்து, வருகிறீர்களா என்று கையைக் காட்டினார். அப்பா பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"காலையில" என்றார். "நான் இங்க வந்த வண்டியிலேயே."